விசில் வந்துச்சு சார்

விழிப்பு வந்ததும் முதலில் மூக்கில் ஏறியது சாம்பார் வாசனை. கடற்கரையில், விடிந்தும் விடியாத நேரத்தில், எந்த மகராசி சாம்பார் வைக்கிறாள் என்று கண்ணைத் திறக்காமலே யோசித்தேன், அப்புறம்தான் அது நான் படுத்திருக்கிற பலகையின் வாசனை என்று உறைத்தது. மச்சினன் தண்டபாணியின் பிக்கப் இது. ஆடியும் மார்கழியும் போக மற்ற மாதமெல்லாம் கல்யாண மண்டபங்களுக்கு அண்டாவும் நாற்காலியும் ஏற்றிப் போகிற வண்டி, எத்தனை தடவை கழுவினாலும் விருந்து போகாது. மார்கழியில் யார் வீட்டில் கல்யாணம், அதனால் சும்மா நின்றது. "எடுத்துக்கிட்டுப் போங்க அத்தான், ஆனா முதுகு பிடிச்சுக்கிச்சுன்னு அக்காகிட்ட என்னைக் கோத்துவிடக் கூடாது" என்று சாவியைக் கொடுத்தான். பின்னால் இரண்டு மெத்தையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டி, ஒரு சின்ன காஸ் அடுப்பு, ஒரு குடம் தண்ணீர், இரண்டு போர்வை. தார்ப்பாயில் பனி கோத்து நின்று சொட்டுச் சொட்டாகக் காலில் விழுகிறது. வீட்டுக்காரி கோகிலம் கட்டாயப்படுத்தித் தலையில் மாட்டிவிட்ட மங்கி குல்லா ராத்திரி ஒரு பக்கமாகத் திரும்பி ஒரு கண்ணை மூடிவிட்டது. அறுபத்திரண்டு வயதில் ஒற்றைக் கண்ணால் கடலைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். இது மூக்கையூர். முந்தாநாள் மல்லிப்பட்டினம், இல்லை, அது அதற்கும் முந்தின நாள், முந்தாநாள் தேவிபட்டினம். இல்லையில்லை, நேற்றுத்தான் தேவிபட்டினத்தில் பல் விளக்கினேன். கோடியக்கரையில் தொடங்கி நாலு ராத்திரி ஆகிவிட்டது. மயிலாடுதுறையிலிருந்து வேம்பாருக்கு ஒரு நாள் ஓட்டம்கூட இல்லை. முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டியவன், கலியமூர்த்தி டைம் தவறமாட்டான் என்று பேர் வாங்கியவன், ஒரு நாள் தூரத்தை ஐந்து நாளாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வேம்பார் இங்கிருந்து முப்பது கிலோமீட்டர்தான். அங்கே என் பழைய கண்டக்டர் இன்னாசி இருக்கிறான். அவனிடம் ஒன்று கேட்க வேண்டும். இன்று போய்விட வேண்டும். நேற்றும் இதையேதான் சொல்லிக்கொண்டேன்.

அடுப்பைப் பற்றவைத்தேன். காற்று அணைத்தது. முதுகைக் காற்றுக்குக் காட்டி உட்கார்ந்து மறுபடி பற்றவைத்தேன். முதுகைக் காட்டி உட்காருவது எனக்குப் புதுசா என்ன, இன்னாசிக்கு இருபத்திரண்டு வருஷம் முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தேன். நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. கோகிலத்தோடு இருந்த நேரத்தைவிட அவனோடு இருந்த நேரம் அதிகம், ஆனால் அவன் முகத்தைப் பார்த்தது டீ குடிக்கிற நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும்தான். நான் ஸ்டியரிங்கில், அவன் பின்னால் கூட்டத்துக்குள். எனக்குத் தெரிந்த இன்னாசி ஒரு விசில். ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் கிளம்பு. அதற்குள்ளேயே அவன் எல்லாம் பேசுவான். வீட்டில் சண்டை என்றால் விசில் கட்டையாக வரும். பையனுக்கு வேலை கிடைத்த அன்று ரெண்டு விசிலும் ஒட்டிக்கொண்டு வந்தது. சளி பிடித்தால் இரண்டாவது பாதியில் நின்றுபோகும், மீதியை நான் மனசுக்குள் ஊதி கியரைப் போட்டுவிடுவேன். வேம்பார்க்காரன், பெண்டாட்டிக்கு நாகூர்ப் பக்கம், அதனால் எங்கள் டிப்போவில் வந்து சேர்ந்தவன், கடைசிவரைக்கும் அவன் ஊர்ப் பேச்சை விடவில்லை. ஓய் டைவரே, ஓய் டைவரே. கோகிலம் எனக்குக் கட்டிக் கொடுக்கிற சாப்பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய் அவனுக்குத்தான், எனக்கு அதில் பாத்தியதை கிடையாது. இந்தத் தடவையும் ஒரு பாட்டில் வைத்திருக்கிறாள். "கடலோரமா சும்மா ஒரு சுத்து போய்ட்டு வரேன்" என்றுதான் அவளிடம் சொன்னேன். மார்கழியில் வாசல் கோலத்தை விட்டுவிட்டு அவள் வரமாட்டாள் என்று தெரிந்துதான் மார்கழியைப் பிடித்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றி சீட்டுக்கு அடியில் வைத்து, "இது இன்னாசி அண்ணனுக்கு" என்றாள். நான் இன்னாசி பேரையே எடுக்கவில்லை. முப்பத்தாறு வருஷம் ஒருத்தியோடு குடித்தனம் நடத்தினால் பொய் சொல்வதே வீண் வேலை என்று ஆகிவிடுகிறது. டீ பொங்கி அடுப்பை அணைத்தது.

வண்டியை எடுத்தபோது சூரியன் தண்ணீரைவிட்டு ஒரு முழம் மேலே வந்திருந்தது. இடது பக்கம் கடல் தெரியும், மறையும், பனை வந்து மறைக்கும், உடைமுள் வந்து மறைக்கும், மறுபடி தெரியும். சர்வீஸில் இருந்த நாளில் எத்தனை தடவை நினைத்திருப்பேன், இந்த இடத்தில் நிறுத்தினால் நன்றாக இருக்குமே என்று. பஸ்காரன் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது, போர்டு இருக்கிற இடத்தில்தான். அதனால் ரிட்டயர் ஆனதும் ஒரு வண்டி எடுத்துக்கொண்டு நினைத்த இடத்திலெல்லாம் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், ஆனால் நாலு நாளாக என்ன நடக்கிறது, கடலைப் பார்த்ததும் கால் பிரேக்குக்குப் போகமாட்டேன் என்கிறது, பஸ் ஸ்டாப்பைப் பார்த்தால் மட்டும் தானாகப் போகிறது. மீமிசலில் நின்றேன், தொண்டியில் நின்றேன். நின்றுவிட்டுக் கிளம்பாமல் வேறு உட்கார்ந்திருப்பேன். எதற்கு உட்கார்ந்திருக்கிறேன் என்று ஒரு நிமிஷம் கழித்துத்தான் புரியும். சாயல்குடி தாண்டி கன்னிராஜபுரம் ஸ்டாப்பிலும் அப்படியே ஆயிற்று. நான் என்னையே திட்டிக்கொண்டு கியருக்குக் கை கொண்டுபோகிறேன், இந்தப் பக்கத்துக் கதவு திறந்து ஒரு பெண்பிள்ளை, நாற்பத்தைந்து வயது இருக்கும், பனங்கிழங்குக் கட்டோடு ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, நரிப்பையூர் போகும்ல?" போகும் என்றேன். வேறென்ன சொல்வது, ஸ்டாப்பில் நிறுத்தினவன் நான். கதவை இழுத்துச் சாத்தினாளா, காலை உள்ளே வைத்தாளா, சேலை வெளியே இல்லையே என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். அவள் சிரித்தாள். "என்னண்ணே, கண்ணாடிப் பாத்திரமா ஏத்திருக்கீக?" ஆறு வருஷமாக இப்படித்தான் பார்க்கிறேன் என்று அவளிடம் சொல்லவா முடியும். எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். வேம்பாரில் இன்னாசி என்று ஒருத்தர் என்று ஆரம்பித்தேன். "பஸ்காரரா? கோயிலுக்குப் பின்னால வீடு. நான் கெழங்கு குடுக்குற வீடுதான். நல்ல மனுசன். கால்தான் பாவம் வெளங்காமப் போச்சு. பஸ்ஸுல நின்னு நின்னு நரம்பு சுருண்டுக்கிச்சாம், துணியச் சுத்திக்கிட்டு ஒக்காந்த எடத்துல ஒக்காந்துருக்காரு." அவள் இன்னும் என்னவோ சொல்லிக்கொண்டு வந்தாள், மழை, கிழங்கு இந்த வருஷம் நார் அதிகம், அக்காள் வீட்டில் வளைகாப்பு. எனக்கு நின்னு நின்னு என்பதைத் தாண்டி ஒன்றும் ஏறவில்லை. நின்னு நின்னு. அவன் செக்கர் ஆகியிருக்க வேண்டியவன். பிரமோஷன் லிஸ்டில் முதல் பேர் அவனுடையது. செக்கர் ஆகியிருந்தால் ஜீப்பில் உட்கார்ந்து போயிருப்பான், கடைசி நாலு வருஷமும் கூட்டத்தில் நின்றிருக்க வேண்டாம். நரிப்பையூரில் அவள் இறங்கும்போது இரண்டு கிழங்கை உருவி டாஷ்போர்டில் வைத்துவிட்டுப் போனாள்.

போன பிறகு வண்டியை ஓரம் கட்டினேன். ஓரம் கட்டிவிட்டு ஒரு கிழங்கை உரித்தேன். நார் அதிகம்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால், அன்று சந்தை நாள். சந்தை ஸ்டாப்பில் எப்போதும் கூட்டம். நான் நிறுத்தினேன், ஏறினார்கள், கிளம்பினேன். கிளம்பின கையோடு பின்னால் ஒரு சத்தம், ஐயோ ஐயோ என்று. கீரைக்காரப் பெண்பிள்ளை, கூடையோடு, ஒரு கால் படியில் ஒரு கால் தரையில், விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துபோனது. உயிருக்கு ஒன்றுமில்லை, சாமி புண்ணியம். ஆனால் கை. கீரை ஆய்கிற கை. விசாரணையில் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். விசில் வந்ததா, வராமலே எடுத்தாயா. வந்தால் தப்பு கண்டக்டருடையது, ஆள் ஏறுகிறபோது ஊதினான் என்று. வரவில்லை என்றால் டிரைவருடையது. எனக்கு அப்போது ஐம்பத்தாறு. ஸ்டியரிங்கிலிருந்து இறக்கிவிட்டு டிப்போவில் டயர் எண்ணச் சொல்லிவிடுவார்கள் என்று பயம். சத்தியமாக வேறு ஒன்றும் நினைக்கவில்லை, ஸ்டியரிங்கிலிருந்து இறக்கிவிடுவார்கள், அவ்வளவுதான் நினைத்தேன். "விசில் வந்துச்சு சார்" என்றேன். மூன்றே வார்த்தை. இன்னாசி பக்கத்தில் நின்றான். திரும்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை இந்த ஆறு வருஷத்தில் எத்தனையோ விதமாகப் பார்த்துவிட்டேன். பார்த்துவிட்டு அதிகாரியிடம் திரும்பி, "ஆமா சார், ஊதுனேன்" என்றான். மூன்று மாதம் சஸ்பெண்ட், செக்கர் லிஸ்டில் பேர் போயிற்று, திரும்பி வந்தபோது வேறு ரூட்டில் போட்டார்கள். எனக்கு வேறு கண்டக்டர். அவன் மகன் கல்யாணப் பத்திரிகை வந்தது, வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். நிஜமாகவே வலித்தது.

அவன் ஊதினானா, எனக்காகப் பொய் சொன்னானா. இதைத்தான் அவனிடம் கேட்கப் போகிறேன். ஊதினான் என்றால் என் மேல் தப்பில்லை, நண்பனைப் போய்ப் பார்க்காமல் இருந்தது மட்டும்தான் தப்பு. ஊதவில்லை என்றால் அவன் எனக்காகச் சுமந்தான், காலில் விழ வேண்டியதுதான். கேட்டால் தெரிந்துவிடும். ஐந்து நாளாக இதைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வருகிறேன். யோவ் இன்னாசி, அன்னைக்கு நீ ஊதினியா. இப்படிக் கேட்கலாம். ஊறுகாயைக் கொடுத்துவிட்டுக் கேட்கலாம். போகிறபோது வாசலில் நின்று சாதாரணமாகக் கேட்கலாம். பனங்கிழங்கு நார் பல்லில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. மனசுக்குள் மறுபடி அந்தச் சந்தை ஸ்டாப்பில் நிற்கிறேன். கண்ணாடியில் வெயில் அடிக்கிறது, பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. கை கியரில் இருக்கிறது. அங்கே எப்போதும் எவ்வளவு நேரம் நிற்போம் என்று உடம்புக்குத் தெரியும், அந்த நேரம் ஆகிவிட்டது, விசில் இப்போது வரும், இதோ வரும், வந்தது, கிளட்சிலிருந்து காலை எடுத்தேன். வந்தது. எப்படி வந்தது, கட்டையாகவா, ஒட்டியா, சளியோடா. அவன் விசில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி, இதற்கு மட்டும் ஒரு மாதிரியும் இல்லை. திரும்ப முதலிலிருந்து. கண்ணாடியில் வெயில். கை கியரில். பின்னால் குழந்தை அழுகிறது. யாரோ இருமுகிறார்கள். அதற்கும் பின்னால் அவன் குரல். எப்போதும் இங்கே வந்ததும் வேறு எதையாவது நினைத்துக்கொள்வேன், பென்ஷன், பேத்தி, முதுகுவலி. இப்போது பல்லில் நார், நினைக்க வேறொன்றும் வரவில்லை. அவன் குரல். "பாத்து வாம்மா, கூடைய மொதல்ல வையி." இதைச் சொல்லிக்கொண்டிருந்தான், நான் காலை எடுக்கும்போது வையி என்கிற இடத்தில் இருந்தான். பேசிக்கொண்டிருக்கிற வாய் எப்படி ஊதும். எனக்கு இது தெரியும். இன்று தெரியவந்ததில்லை, விசாரணை அறையில் நின்றபோதே தெரியும், விசில் வந்துச்சு சார் என்று சொல்லும்போது இந்தக் குரல் காதுக்குள் இருந்தது. கேட்பதற்கு ஒன்றும் இல்லை கலியமூர்த்தி, சொல்வதற்குத்தான் இருக்கிறது. வேம்பார் ஏழு கிலோமீட்டர் என்று கல் நிற்கிறது. திரும்பிவிடலாம். கோகிலத்திடம் இன்னாசி ஊரில் இல்லை என்று சொல்லலாம். அவள் பாட்டிலைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், சரி கைகால் கழுவிட்டு வாங்க என்பாள். அதை நினைத்தபோது வேம்பாரே பரவாயில்லை என்று தோன்றியது.

கோயிலுக்குப் பின்னால் சின்ன வீடு, வாசலில் காகித நட்சத்திரம் தொங்கியது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முக்காலி மேல் இரண்டு காலையும் நீட்டியிருந்தான். முழங்கால்வரைக்கும் துணிக்கட்டு. தலை முழுக்க நரைத்துவிட்டது. நான் குல்லாவைக்கூடக் கழற்றாமல் நின்றேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தான், அப்புறம் முகம் முழுவதும் மலர்ந்தது. இந்த முகத்தை நான் சரியாகப் பார்த்ததே இல்லை என்று பட்டது.

"ஓய் டைவரே. நீரா? வாரும், வாரும். ரீத்தா, யாரு வந்துருக்கான்னு பாரு. என்ன ஓய், மேலெல்லாம் சாம்பார் மணக்கு?"

கல்யாண வண்டி என்றேன். ஊறுகாயைக் கொடுத்தேன். திறந்து மோந்து பார்த்தான். கோகிலம் தங்கச்சி நல்லா இருக்கா, பேத்தி என்ன படிக்கிறாள் என்று கேட்டான். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அவன் மனைவி ரீத்தா நாற்காலி கொண்டுவந்து போட்டு, டீ வைக்கிறேன் என்று உள்ளே போனாள். நான் உட்காரவில்லை. ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கோ போய்விட்டது.

"இன்னாசி, அன்னைக்கு நீ விசில் ஊதலை."

"என்னைக்கு?"

"சந்தை ஸ்டாப்புல. கீரைக்காரம்மா விழுந்த அன்னைக்கு."

அவன் பாட்டில் மூடியைத் திருகி மூடினான். "ஊதுனேனே. நீருதான சொன்னீரு."

"நான் சொன்னேன். நீ ஊதலைய்யா. நான் வண்டிய எடுக்கறப்ப நீ அந்தம்மாகிட்ட பேசிக்கிட்டிருந்த. பாத்து வாம்மா, கூடைய மொதல்ல வையின்னு சொல்லிக்கிட்டிருந்த. எனக்குக் கேட்டுச்சு. கேட்டுச்சுன்னு அப்பவே தெரியும்."

அவன் கடல் இருக்கிற பக்கம் திரும்பினான். "ஒரு நாளைக்கி எத்தன தடவ ஊதுதோம் ஓய்" என்று மெதுவாகச் சொன்னான். "எத ஊதுனேன், எத ஊதலன்னு எனக்கு என்ன ஞாபகம் இருக்கும்? அங்க நிக்கும்போது ஒண்ணும் நெனவு இல்ல. உம்மளப் பாத்தேன். நீரு ஊதுனான்னுட்டீரு. நீரு சொன்னா ஊதிருப்பேன்னு நெனச்சேன்."

அவ்வளவுதானா அந்தப் பார்வை. ஆறு வருஷமாக அதில் மன்னிப்பு பார்த்தேன், ஏளனம் பார்த்தேன், நான் பார்த்துக்கொள்கிறேன் போ என்று அவன் சொன்னதாகக்கூட ஒரு காலத்தில் பார்த்தேன். அவனுக்குத் தெரியவில்லை, அதனால் என்னைக் கேட்டிருக்கிறான். திட்டுவான் என்று காத்திருந்தேன். செக்கர் லிஸ்டைச் சொல்வான், காலைக் காட்டுவான், காட்டட்டும். திட்டினால் எனக்கு நன்றாக இருக்கும். அவன் முக்காலியிலிருந்து ஒவ்வொரு காலாகக் கையால் தூக்கிக் கீழே வைத்தான். முகம் வேறு மாதிரி ஆகியிருந்தது.

"அப்பம், அந்தப் பொம்பள கை என்னால போகலையா?"

"உன்னால இல்ல. நான்தான்."

"வருசா வருசம் மாதா கோயில்ல அவுகளுக்கு மெழுகுதிரி கொளுத்துதேன் ஓய். பேரு தெரியாது. கீரக்காரம்மா கை, கீரக்காரம்மா கைன்னு சொல்லி முட்டுப் போட்டு வேண்டுவேன். இந்தக் காலோட."

சஸ்பெண்ட் ஆனது, செக்கர் போனது, கால் போனது, இதையெல்லாம்தான் நான் கணக்கில் வைத்திருந்தேன். இது என் புத்திக்கு எட்டவே இல்லை. மன்னிச்சிடு இன்னாசி என்றேன், சொன்னேனா இல்லை வாயசைத்தேனா, தெரியவில்லை. அவன் அதைக் கவனிக்கவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே திரும்பினான்.

"ஏட்டி ரீத்தா. இங்க வா. அன்னைக்கு நான் ஊதலையாம்."

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள், என்ன ஊதலை என்று கேட்டாள். அவன் முதலிலிருந்து சொன்னான், சந்தை, கூடை, பாத்து வாம்மா என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தது, எல்லாம் அவனுக்கே இப்போது ஞாபகம் வந்துவிட்டதுபோல. கண்ணில் தண்ணீர் வந்தது, அதைத் துடைக்காமல் சிரித்தான். நெசமா, நெசமாத்தானா என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். "நெசமாத்தாம்ட்டி" என்று அவன் என்னைக் கைகாட்டினான், "டைவரே வந்து சொல்லுதாரு."